படிவத்தின் ஏழாம் கட்டம்

பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் நிரோஜன்
விண்ணாங்கு நிழலில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
முழங்காலில் படிவத்தை விரித்தார்.
பெயர்: வதனகுமாரி. வயது: நாற்பத்தாறு.
ஊர்: முத்தையன்கட்டு, இடதுகரை.
தொழில்: வில் செய்தல்.
அதை எழுதுகையில் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.
"வில்லுத்தான். எழுதுங்கோ."

ஏழாம் கட்டம். தேர்ச்சி நிலை:
பழகுநர், தொழிலாளர், வல்லுநர்.
பொருந்தாதவற்றை வெட்டுக.

வெட்டுவது ஒரு கிழமையில் பிடிபட்டது.
கையை எடுக்கப் பத்தொன்பது வருடம்.

கொட்டிலுக்குப் பின்னால் வந்து பாருங்கோ.
முறிந்ததெல்லாம் அங்கே கிடக்குது.
எண்ணின வரைக்கும் நூற்று நாற்பத்தொன்று.
எண்ணாதவை அடுப்புக்குப் போயின,
சோறு நன்றாகத்தான் வெந்தது.
முதல் வில்
பிடிக்கு ஒரு சாண் மேலே வெடித்து
கீழுதட்டைக் கிழித்தது. இதோ, தழும்பு.
கற்பித்தவர் பெயர் என்று
நீளமாய் ஒரு கோடு விட்டிருக்கிறீர்கள்.
இதை எழுதலாமா அதில்?

நிரோஜன் சிரித்தார். பேனை அசையவில்லை.

பலகையில் கிடப்பது கோயிலுக்கு.
வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி கொண்டு போவார்.
வாழைக்குற்றிக்கு ஒரே ஒரு அம்பு,
மூன்று பாகத் தூரம், பூசகர் விடுவார்.
மற்ற நாளெல்லாம் வாகன அறைக்குள் சிலந்திக்குக் காவல்.
"பிளைவுட்டில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டினால் போதும் பிள்ளை"
என்றார் தலைவர் குலவீரசிங்கம்.
போதும்தான்.
இது ஐம்பது இறாத்தலுக்கு வளையும்.

வைரம் வயிற்றுக்கு, வெளிறு முதுகுக்கு.
நார் ஓடின வழியே கத்தி ஓடவேண்டும்;
நார் நெளிந்தால் வில்லும் நெளிந்து கிடக்கட்டும்.
நேராக்கப் போனவர்களின் வில்லைத்தான்
பின்பக்கம் பார்த்தீர்கள்.
அந்த "நேராக்கப் போனவர்கள்" நான்.

பியர் போத்தல் துண்டால் வழித்துக்கொண்டு வருகையில்
கீழ்க்கையில், குதைக்கு முக்கால் முழம் இப்பால்
சத்தம் மாறியது.
சுருள் சுருளாய் விழுந்த சீவல்
அங்கே மட்டும் மாவாய்க் கொட்டியது.
மை கசிந்தமாதிரிக் கருநீலம்.
அதற்குள், நெல்மணி அளவில், செல் துண்டு.

மரக்காலைக்காரர் எங்கள் பக்கத்து மரத்தைத்
தட்டித் தட்டிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்,
வாள் பல்லுப் போகுமாம்.
நானும் தட்டித்தான் வாங்கினேன்.
எனக்கும் கேட்கவில்லை.

கிளறினால் குழி. குழியிருந்தால் முறியும்.
விட்டால்?
நாலு நாள் நான் அதைத் தொடவேயில்லை.
குளத்துக்குப் போனேன், மிளகாய்க்குத் தண்ணீர் மாறினேன்,
கொழுக்கி கழன்ற வாளிக்குக் கம்பி கட்டினேன்.
அந்த நாலு நாளுக்கு
உங்கள் படிவத்தில் இடமிருக்கா, தம்பி?

ஐந்தாம் நாள் பார்த்தேன்:
இரும்பு வந்த இடத்தில் நார் அறுபடவில்லை,
சுற்றிக்கொண்டு போயிருக்கிறது,
வாய்க்காலில் கல் கிடந்தால் தண்ணீர் போகிறமாதிரி.
அந்த இடத்தில் மட்டும் ஒரு நூலளவு தடிப்பு விட்டேன்.
மேல்க்கையில் அதற்கு ஈடாய் இன்னொரு நூல்.
தூரத்திலிருந்து பார்த்தால் பிழைபோலத் தெரியும்.
தலைவருக்கும் அப்படித்தான் தெரியும்.

"இழுத்துப் பார்க்கிறீர்களா?" என்றேன்.
மரல் நாரில் திரித்த நாணை ஏற்றிக் கொடுத்தேன்.
"மெல்ல. நெஞ்சு வரைக்கும்.
அம்பில்லாமல் விட்டுவிடாதேங்கோ,
வில்லு தன்னையே அடித்துக்கொள்ளும்."

நிரோஜன் இழுத்தார். கை நடுங்கியது.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் கீழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வளைவில், ஒரு விரற்கடை அளவில்,
வேலைக்கு வராத இடமொன்று விறைத்து நின்றது.

"கொஞ்சம் தாங்கோ."

நாணைக் கழற்றி, கண்ணாடித் துண்டை எடுத்து
இரண்டு தரம் வழித்தேன்.
மூன்றாவதற்குக் கை போனது.
நிறுத்தினேன்.

சீவல் போய்ப் படிவத்தின்மேல் விழுந்தது,
ஏழாம் கட்டமா எட்டாவதா, தெரியவில்லை.
நிரோஜன் அதை ஊதவில்லை.
"இப்ப இழுங்கோ" என்றேன்.