கழிஞ்ஞிட்டில்ல

கொழிஞ்சாம்பாறை வில்லேஜ் ஆபீசில்
முதலில் என் அப்பாவை ஒருவராக்க வேண்டியிருந்தது.

பிறப்புப் பதிவில் மலையாளத்து ஆறுச்சாமி.
பள்ளிச் சான்றிதழில் ஒற்றெழுத்தை எலி தின்ற ஆறுசாமி.
பாஸ்போர்ட்டில், ஆங்கிலத்துக்குள் போய் வெளியே வந்த
ஆருச்சாமி.
பனையேறி இறங்கிய ஒரே மனுசன்,
செத்துப் பதினொரு வருசம்.
மூவரும் ஒருவரே என்று
ஸ்டாம்பு ஒட்டி எழுதிக் கொடுத்தார்கள்.
உயிரோடிருந்தால்
மூன்று பேருக்கும் சேர்த்துக் குடித்திருப்பார்.

அடுத்தது நான்.
போலந்தில் வூட்ஜ் என்றொரு ஊர்.
அங்கே டிராம் வண்டிக்கு பிரேக் மாட்டுகிற தோமாஷ்
என்னைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால்
இதுவரை நான் யாரையும் கட்டவில்லையென்று
இங்கே யாராவது முத்திரை குத்த வேண்டும்.

"கல்யாணம் கழிஞ்ஞோ?" என்றார் ஆபீசர்.
எங்கள் வீட்டுப் பேச்சில்
கல்யாணம் ஆகும்.
கழிவது ஆடி, அமாவாசை,
கணக்கில் கொடுத்த முன்பணம்.
"ஆகலைங்க" என்றேன்.
"கழிஞ்ஞிட்டில்ல" என்று எழுதினார்.
முப்பத்தெட்டு வயது முழுவதும்
அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி வேண்டுமாம்.
ரேஷன்கடை அய்யாவு வந்துவிட்டான்.
இன்னொருத்தி
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற செல்லம்மிணியக்கா.
அவளுக்கும் ஏறக்குறைய இதே தாள்தான்.
புருசன் போனபின் மறுபடி கட்டவில்லையென்று
வருசா வருசம் காட்டினால்தான் விதவை பென்சன்.
இது அவளுக்கு ஏழாவது.
"எனக்கு நீ போடு, உனக்கு நான் போடறேன்."

மலையாளத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்று பேர்.
ஒப்பினேன்.
வாரத்தில் மூன்று ராத்திரி
அவள் கொல்லைச் சுவரில் சாய்ந்திருக்கும்
லைன்மேன் சைக்கிளுக்கு மணி அடிக்காது என்பதையும்,
கரண்ட் போனால் எங்கள் தெருவில் முதல் வெளிச்சம்
அவள் வீட்டுக்குத்தான் வரும் என்பதையும்
படிவத்தில் எங்கும் கேட்டிருக்கவில்லை.

பொள்ளாச்சி லாட்ஜ் ஒன்றின் நோட்டில்
நானும் ஒருத்தனும் கணவன் மனைவி.
இருபத்திரண்டு வயதில், ஒரு பகல்.
திரும்பிவர பஸ் சார்ஜ் அனுப்பியவள்
செல்லம்மிணியக்கா.
அவளும் ஒப்பினாள்,
நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு,
ஒவ்வொரு எழுத்தாக.

இனி எர்ணாகுளத்தில் ஒரு சீல்,
டில்லி பேரில் அப்போஸ்டில் ஸ்டிக்கர்,
மலையாளம் இங்கிலீஷாகி
இங்கிலீஷ் போலிஷாக வேண்டும்.
தோமாஷ் செய்தி அனுப்பியிருந்தான்:
மொழிபெயர்க்கிற அம்மாள்
எழுத்தை எண்ணிக் காசு வாங்குகிறாராம்,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலுள்ள
வெற்றிடத்தையும் சேர்த்து.
அப்பாவின் பெயர்கள் மூன்றும் கட்டாயமா
என்று கேட்டிருந்தான்.
கட்டாயம் என்று பதில் போட்டேன்.

செல்லம்மிணியக்கா தாளை மடிக்கப்போனவள் நின்று
முத்திரை மங்கல் என்று திரும்பிப்போய்
மையைத் தொட்டு இன்னொரு தரம் குத்தச் சொன்னாள்.
"இன்னைத் தேதி வரைக்கும்னு எழுதியிருக்குதுங்களா?"
"உண்டு."
"அது போதும்."

வெளியே,
ஆபீசுக்கு எதிர்க் கம்பத்தில் ஏதோ பொறி பறந்தது.
ஆபீசர் முதற்கொண்டு எல்லோரும்
ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தோம்,
மேலே ஏறியிருப்பது யாரென்று.
அவள் மட்டும்
பர்சின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.