வயர் தெரியக் கூடாது

அறைக்கு ஒன்று, விறாந்தைக்கு இரண்டு,
சாப்பாட்டு மண்டபத்தில் மான்கொம்புக்குக் கீழே ஒன்று.
"எல்லா இடத்திலும் இன்டர்நெட் வேணும்.
ஆனால் வயர் தெரியக் கூடாது"
என்றார் பங்களாவை வாங்கிய அம்மணி,
குதிரையைத் தடவுகிற மாதிரி
சுவரைத் தடவிக்கொண்டு.

ஃபர்ஸான் நானா தலையாட்டினார்.
பண்டாரவளையில் கடை, நாலு ஏணி, ஒரு வேன்.
முகட்டுக்குள் நுழைகிற உடம்பு
எங்கள் ஆட்களில் எனக்குத்தான்.

அப்புத்தளையில் பகல் இரண்டு மணிக்கே
யன்னல்கள் வெள்ளையாகிவிட்டன.
பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே
முழங்காலில் போனேன்.
வௌவால் புழுக்கை, சவுக்குச் சருகு,
எந்தத் தச்சனோ மறந்துபோன பென்சில்.
தலையில் டோர்ச், இடுப்பில் நீலச் சுருள்.
கரண்ட் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளி,
மூலையில் மடிக்காமல் வளைத்து.
மடித்தால் உள்ளே செம்பு முறுக்கு விட்டுப்போகும்;
பிறகு எவனோ படம் பார்க்கையில்
வட்டம் சுற்றும், சுற்றும்,
ஏச்சு எனக்கு.

பலகை இடுக்கில் கீழே தெரிந்தன
கட்டில்கள், வெள்ளை விரிப்புகள்.
துரைமார் படுத்த இடத்தை
இப்படி மேலிருந்து பார்க்க
எங்கள் லயத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை.
தும்மல் வந்தது. தும்மினேன்.

நாலாம் அறைச் சுவர் இடம் தரவில்லை.
கருங்கல், இரண்டடிக் கனம்.
தட்டிக்கொண்டே போனேன்:
திம், திம், திம்,
அப்புறம் டொக்.
வர்ணத்தைச் சுரண்டினால் பித்தளைத் தட்டு,
தட்டின் நடுவே ஓட்டை,
ஓட்டைக்குள் நேரே கீழிறங்கும் குழாய்,
குழாய்க்குள் வயர்.
எனக்கு முன்னாலேயே ஒருவன் வந்திருக்கிறான்.
அவனுக்கும் சொல்லியிருப்பார்கள்
தெரியக் கூடாதென்று.

பிடித்து இழுத்தேன்.
காலுக்குக் கீழே, கல்லுக்குள் எங்கோ,
ஒரு மணி அடித்தது.

"வாறேன்!"

குசினியில் ரவுட்டரைப் பிரித்துக்கொண்டிருந்த நானா
படியேறி ஓடிவந்தார், மூச்சு வாங்க.
"என்ன பிள்ளை?"
நான் கூப்பிடவே இல்லை என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
சிரித்து முடிந்த பிறகு
அவர் தன் கையிலிருந்த ரவுட்டரைப் பார்த்தார்,
ஏன் தூக்கி வந்தோம் என்று தெரியாமல்.

குசினி அலுமாரியை நகர்த்தினால்
ஒன்பது மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள் கம்பி.
ஒன்பதையும் காதால் பிரித்தறிந்து
எந்த மாடிக்கு, எந்தக் கதவுக்கு என்று
ஓடத் தெரிந்திருக்க வேண்டும் ஒரு கோக்கிக்கு.
நாலாவது இன்னும் ஆடுவதாக எனக்குப் பட்டது.

பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டினேன்,
டேப் சுற்றி, சவர்க்காரம் தடவி.
கீழே நானா இழுக்க, மேலே நான் ஊட்ட,
அது நெளிந்து நெளிந்து இறங்கியது.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
நீலம் போனது.

எட்டு நிறத்தையும் சீவி, வரிசையாக்கி, நெரித்தோம்.
சோதித்தால் ஏழு வெளிச்சம்.
ஆறாவது எரியவில்லை.
வெட்டி எறிந்து, மறுபடி முதலிலிருந்து.
எரிந்தது.

அம்மணி மணிகளைப் பார்த்துக் கைதட்டினார்.
மினுக்கி, வரவேற்பறையில் மாட்டுவாராம்,
வருகிறவர்கள் படம் பிடிக்க.
மணி தெரியலாம்.

நாங்கள் ஏணியைக் கட்டுகையில்
குசினிப் பொடியனின் ஃபோன் நடுங்கியது:
நாலாம் அறை, இரண்டு தேத்தண்ணி,
சீனி வேறாக.
சாப்பிட்ட கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
எழுந்தான்.

பழைய வயரை எனக்குத் தருவீர்களா என்றேன்.
குப்பைதானே என்றார்.

எங்கள் பக்கம் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறினால்தான்
சிக்னல் இரண்டு கோடு.
லயத்துக்குப் பின்னால், இரண்டு கொய்யாவுக்கு நடுவே
அந்தச் செம்பை இழுத்துக் கட்டியிருக்கிறேன்.
பனி விலகும் நாட்களில் துணி காய்கிறது.
பாதையால் போகிற எல்லோருக்கும்
தெரியும்.