கண்டபடி, விட்டபடி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வெளியே, நவம்பர்.
ஒலிவ எண்ணெய் ஆலை முற்றத்தில்
காரின் பின்கதவைத் திறக்கிறாள் ரஃபீக்கா.
இருபது கிலோ எடைக்கற்கள் பத்து,
பழைய கம்பளியில் பொதிந்தவை.
கையுறை போட்டுத்தான் தூக்குவாள்.
விரல் பிசுக்கின் கனம் இந்த மேடைத் தராசுக்குத் தெரியாது,
அவளுக்குத் தெரியும்.

முதலாளி முன்ஸிஃப் காப்பி நீட்டுகிறார்.
அப்புறம், என்கிறது அவள் கை.
டிராக்டர்களை அணைத்துவிட்டு
வரிசை முழுக்க வேடிக்கை பார்க்கிறது.

அவள் வேலைக்கு அரபியில் முஆயரா என்று பெயர்.
ஒரே சொல்லுக்கு இரண்டு கிளை:
எடையை எடையோடு ஒத்துப் பார்ப்பது ஒன்று,
ஒருவர் குறையை ஊரறியச் சொல்லிக் காட்டுவது இன்னொன்று.
பள்ளியில் அவளுடைய திக்குவாயை வைத்துப் பிள்ளைகள் நடத்தியது
இரண்டாவது.
சம்பளம் வருவது முதலாவதற்கு.

தமிழில் நாம் அளவுத்திருத்தம் என்று எழுதுகிறோம்.
கேட்டால் சிரிப்பாள்.
அவள் எதையும் திருத்துவதில்லை.
தெரிந்ததை வைக்கிறாள்,
தராசு என்ன சொல்கிறது என்று பார்க்கிறாள்,
நடுவில் விழும் தூரத்தை எழுதிக்கொள்கிறாள்.
திருகாணியைத் தொடுவது
வேறு ஆள், வேறு நாள், வேறு ரசீது.

இருநூறு கிலோ ஏற்றியாயிற்று.
சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் திக்கி
நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டில் நின்றன.
இறக்கி, மறுபடி ஏற்றினாள்.
அதே.

"நூறு கிலோவுக்கு எவ்வளவு?"
வரிசையிலிருந்து ஸல்ஹா கேட்டாள்.
மூன்றாம் தேதியிலிருந்து காய் கொண்டுவருகிறவள்.

"நா…
நா… நா…"
(அவள் மொழியில் அது வேறெழுத்தில் தொடங்கும்.
ஆனால் துலாக்கோலின் முள்ளுக்கு
நாம் வைத்த பெயரும் நாதானே.)
"நானூறு கிராம். குறைவாக."

ஒரே தடவையில் சொல்லியிருந்தால்
டிராக்டர் சத்தத்தில் போயிருக்கும்.
திக்கித் திக்கி வந்ததால்
கடைசி வண்டிக்காரன்வரை காது கொடுத்தான்.

முன்ஸிஃப் முகம் சாம்பலானது.
"ஆண்டவன் சத்தியம், எனக்குத் தெரியாது."
உண்மையாகவும் இருக்கலாம்.
அதை நிறுக்க அவளிடம் கல் இல்லை.

இரண்டு பையன்கள் கடப்பாரை போட்டு மேடைத் தகட்டை நெம்பினார்கள்.
சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில்
இறுகிக் கிடந்தது ஒரு ஒலிவக் கொட்டை,
வந்த சுமையில் கொஞ்சத்தை
தானே தாங்கிக்கொண்டு.

இப்போது இருநூறு, சரியாக இருநூறு.
முதலாளி மூச்சு விட்டார்.
"அப்படியானால் பழைய எண்ணை அடித்துவிடலாமே அம்மா?"

அவள் படிவத்தில் இரண்டு பத்தி:
கண்டபடி.
விட்டபடி.
இரண்டையும் மையால் நிரப்பினாள்.
இடைப்பட்ட பத்தொன்பது நாளின் மூட்டைகளுக்கு
பத்தி எதுவும் அச்சடிக்கவில்லை யாரும்;
அதற்குத்தான் வரிசை முன்ஸிஃபை நெருங்கி வந்துகொண்டிருந்தது,
துண்டுச் சீட்டுகளும் பேனாவுமாக.

காப்பி ஆறிவிட்டது. குடித்தாள்.

ஸல்ஹா மட்டும் குனிந்து
அந்தக் கொட்டையைப் பொறுக்கி
பாவாடையில் துடைத்து
மேடையின் நட்டநடுவில் வைத்தாள்.

பூஜ்யம், என்றது தராசு.