கெட்டிக் காற்று

மாதம் ஐம்பது பொலிவியானோ.
அதற்குமேல் என்றால் நீயேவெஸ் வரமாட்டாள்,
அதற்குக்கீழ் என்றால் கடல் வராது
என்றவள் எவுலோகியா.
எல் ஆல்டோ சந்தையில் பழைய ஸ்பேனர்களைக்
கிலோ கணக்கில் விற்பவள்.

எங்கள் ஊர்ச் சீட்டு வழக்கமாகச் சுற்றும்.
இந்த மாதம் உனக்கு, அடுத்தது அவளுக்கு;
ஒருத்திக்குத் தையல் மெஷின், ஒருத்திக்குக் கூரைத் தகரம்.
இது சுற்றாத சீட்டு.
ஐந்து பேர் போடுவோம். யாரும் எடுக்கக்கூடாது.
இரண்டு வருஷம் முடிந்ததும் அரீக்காவுக்கு பஸ்.

பால்பவுடர் டின் என் கட்டிலுக்கடியில்.

பள்ளி நாளில் வருஷம் தவறாமல்
கடலுக்காக ஊர்வலம் போயிருக்கிறோம்,
நீல அட்டையில் அலை வெட்டிப் பிடித்துக்கொண்டு.
நாடு எப்போதோ தோற்ற கடல்.
ஐந்து பேரில் ஒருத்தியும் பார்த்ததில்லை.
அலை எந்தப் பக்கம் மடங்கும் என்பதற்கே
பசிலியாவுக்கும் நீயேவெஸுக்கும் ஒருநாள் சண்டை.

பதினோராம் மாதம் டொமிதிலா வந்தாள்.
புருஷனுடைய மினிபஸ்ஸில் கியர்பாக்ஸ் போய்விட்டது.
ஐந்நூற்று ஐம்பதை எண்ணிக் கொடுத்தேன்.
அவள் ஒருமுறை எண்ணினாள். சரி.
மறுபடியும் எண்ணினாள்.

அந்த இரண்டாம் எண்ணிக்கையில்
எனக்கு வியர்த்தது.
ஆகஸ்டில் டின்னிலிருந்து இருநூறு எடுத்திருந்தேன்.
எதற்கென்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.
அக்டோபரில் வைத்துவிட்டேன், முழுசாக,
சில்லறையாக.
நடுவில் இரண்டு மாதமும்
கட்டிலின் மறு ஓரத்தில் படுத்தேன்.

எல்லையில் அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார்.
பழம் கூடாது. பாலாடைக்கட்டி கூடாது.
கோகா இலை கூடவே கூடாது.
பசிலியா இலையைக் கொடுத்தாள்,
கட்டியையும் கொடுத்தாள்.
ஆரஞ்சை மட்டும் வரிசையிலேயே உரித்து
எங்கள் வாயில் திணித்தாள்.
தோலை அவர் மேஜைமேல் வைத்து
"இது உங்களுக்கு" என்றாள்.

பிறகு ஒரே இறக்கம்.
நான்காயிரம் மீட்டரும் ஒரு பகலில் கீழே.
காது அடைத்தது, திறந்தது, அடைத்தது.
மேலே மூடிய தண்ணீர் பாட்டில்
கன்னம் ஒட்டிப்போய்ப் பல்லில்லாத வாயானது.
ஐந்தாவது சீட்டில் எங்கள் கம்பளிகள் உட்கார்ந்திருந்தன.
காலியாகத்தான் இருந்தது அது, நாங்கள் வாங்கவில்லை.

அரீக்காவில் டின் திறக்கவில்லை.
மூடி உள்ளே உறிஞ்சிக்கொண்டு கிடந்தது.
எவுலோகியா ஸ்பூனால் நெம்பினாள்,
'ஸ்ஸ்' என்றது.
ஊர்ப் பணம் இருந்த இடத்துக்குள்
கடல் காற்று முதலில் போய்விட்டது.

அந்தக் காற்றைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
கெட்டி. கஞ்சி போல.
ஒரு மூச்சு இழுத்தால் இரண்டு மூச்சு உள்ளே வந்தது.
மணலில் உட்கார்ந்தோம்.
கடல் இருந்தது, பெரியதாக, அதன் வேலையாக.
நீயேவெஸ் "ஆங்" என்றாள்.
அப்புறம் தூங்கிவிட்டோம்.

நால்வரும். தொப்பியை முகத்தில் கவிழ்த்து,
ஷூவைக்கூடக் கழற்றாமல், ஏழு மணிநேரம்.
இருபத்துநான்கு மாதம் சேர்த்த பகலை
ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தூங்கித் தீர்த்தோம்.
விழித்தபோது பசிலியாவின் கால்கள் மிளகாய்ச் சிவப்பு,
சூரியன் தண்ணீருக்குள் பாதி.
"இதற்கா?" என்றாள் எவுலோகியா.
சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று;
சிரிக்கவும் அங்கே மூச்சு நிறைய இருந்தது.

அலை எங்கள் பக்கம்தான் மடங்கியது.
பசிலியா சொன்னதுதான் சரி.

இருட்டியபின் டொமிதிலாவுக்கு போன் போட்டேன்.
பேசத் தெரியவில்லை.
போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினேன்,
கை வலிக்கும்வரை.

"என்ன சத்தம்?" என்றாள்.
"பஸ்ஸா? டிரைவருக்கு
கியர் மாற்றத் தெரியவில்லையே."

ஆமாம் என்றேன்.
புது டிரைவர்.