புள்ளி விசை

முதலில் போனது கீல்.
இடப்பக்கம் மட்டும்.
திரையைத் திறந்தால்
கதவு பெயர்ந்த அலமாரிபோல்
ஒருபுறம் சாய்ந்து என்னைப் பார்க்கும்.
அகராதியின் இரண்டாம் தொகுதியை முட்டுக்கொடுத்து
ஏழு மாதம் ஓட்டினேன்.
(அதிலுள்ள சொல் ஏதும் தேவைப்பட்டால்
திரையை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.)

பிறகு விசிறி.
அது போட்ட சத்தத்தில் தயாளன் எழுந்து வந்து
'கீழே புல் வெட்டுகிறார்களா?' என்றார்.
பன்னிரண்டாம் மாடி. இரவு ஒன்றரை மணி.

பிறகு புள்ளி.

மெய்யெழுத்தின் புள்ளி
இடக்கை ஆட்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறது,
கண்ணால் தேடாமல் விரலே இடமறிய
சின்ன மேடு வைத்த விசையில்.
அதுதான் செத்தது.
இரட்டித்து வரும் எழுத்துக்குக்
கருவியே புள்ளி வைத்துவிடும்.
தனியே வரும் மெய்தான்
வாயை மூட முடியாமல் நிற்கும்.
நான் என்று அடித்தால் நான.
அவர் என்றால் அவர.
நகர மன்றத்துக்கு நான் மொழிபெயர்க்கும் அறிவிப்பு
'மினதூக்கி பழுதுபாரக்கப்படுகிறது,
சிரமத்திறகு வருந்துகிறோம'
என்று வந்து நின்றது,
யாரோ படியேறி வந்து
மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதுபோல.

தயாளன் கைப்பேசியில் கணக்குப் போட்டார்.
கீலுக்கு அறுபத்தைந்து வெள்ளி ஆயிற்று,
விசிறிக்கு நாற்பது,
இதற்கு எண்பது கேட்பான்,
அடுத்து பேட்டரி, அதற்கடுத்து நீ.
புதியது ஆயிரத்து இருநூறு,
வட்டியில்லாத் தவணை, முதுகுப்பை இலவசம்.
கூட்டலில் பிழையில்லை.
இருந்திருந்தால்
எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

எதிர் புளோக்கை இடிக்கப்போகிறார்களாம்.
எங்கள் புளோக்குக்குச் சாயம் மட்டும்.
இரண்டுக்கும் ஒரே வயது.

மார்சிலிங் சந்தைக்குப் பின்னால்
கைப்பேசி உறைகளுக்கும்
சாவி வெட்டும் எந்திரத்துக்கும் நடுவில்
ஜுனைடியின் மேசை.
ஐஸ்கட்டி அச்சில் குழிக்கு ஒன்றாகத்
திருகாணிகளைப் போட்டு வைக்கிறான்.
'புதுசு வாங்கிடலாம் சிஸ்டர்' என்றான்.
சொல்லி முடிப்பதற்குள்
மூன்றாவது திருகாணியைக் கழற்றியிருந்தான்.

உள்ளே ஒன்பது வருடத் தூசி.
என் தலைமுடி.
ஓர் எள், ஏதோ தீபாவளி முறுக்கிலிருந்து.
பல் மருத்துவரிடம் வாய் திறந்ததுபோல்
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள், எழுபது வெள்ளி.
பழைய விசைப்பலகையைப் பையில் போட்டுக் கொடுத்தான்.
சமூக மன்ற வாசலில் மின்கழிவுப் பெட்டி.
அதன் வாயைச் சாணால் அளந்தேன்.
விசைப்பலகை நுழையும்.
மடிக்கணினியும் நுழையும்.
இரண்டாவதை அளந்ததைத்
தயாளனிடம் சொல்லவில்லை.
பையிலிருந்ததை மட்டும் போட்டேன்.
டப் என்று கேட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அடித்துப் பார்த்தேன்.
நான். அவர். வருந்துகிறோம்.
வருந்துகிறோம்.
ஐந்தாறு வரி தாண்டியதும் விரல் நழுவியது.
மலிவுப் பலகை. அந்த விசையில் மேடு இல்லை.
இடம் தெரியாமல் விரல்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது,
புள்ளி விழ வேண்டிய இடத்தில் உகரம்.
நான் இப்போது நானு,
மூன்று வயதுக் குழந்தைபோல.

நகப்பூச்சைத் தேடி எடுத்தேன்.
நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கி
ஒரே ஒருமுறை பூசிய அடர்சிவப்பு.
மூடி இறுகியிருந்தது, வெந்நீரில் காட்டித் திறந்தேன்.
விசையின் விளிம்போரம் ஒரு சொட்டு.
அது அமர்ந்ததும் அதன்மேல் இன்னொன்று.

'என்ன செய்கிறாய்?'
'புள்ளி வைக்கிறேன்.'
தயாளன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.
சலுகை ஞாயிறு வரைக்கும்தானாம்.

இன்று வெள்ளி.
காய இன்னும் பத்து நிமிடம் ஆகும்.