மஞ்சள் அட்டை

பதினேழு வருடம் நான் நன்றாகப் பேசினேன்.
முலுண்டில், கல்லூரியின் மூன்றாம் மாடியில்,
வேக வண்டி கடக்கும்போது மட்டும் நிறுத்தி
போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவேன்.
பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.
பரீட்சையில் அதையே திருப்பித் தந்தார்கள்,
சலவைக்குப் போட்ட துணிபோல, மடிப்புக் கலையாமல்.

போன ஜூனில் ஒரு சின்னச் சோதனை வைத்தேன்.
பாடத்துக்கு முன் பன்னிரண்டு கேள்வி,
பாடம் முடிந்தபின் அதே பன்னிரண்டு.
முன்பு சராசரி ஐந்து. பின்பு ஐந்தே கால்.
ஒரு பருவம் முழுக்க நான் பேசியதற்கு
கால் மதிப்பெண்.
டோம்பிவிலி வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு
நின்றபடி வந்தேன்.

இப்போது குறைவாகப் பேசுகிறேன்.
ஆளுக்கு நான்கு அட்டை, நான்கு நிறம்.
கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது
எளிதில்லை. நாக்கு நுனியில் விடை,
பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவன் மாதிரி
முன்னும் பின்னும் நடக்கும்.

தாய் தந்தை இருவரும் தாங்கிகள்.
முதல் குழந்தைக்குத் தலசீமியா.
அடுத்ததற்கு வர வாய்ப்பு எவ்வளவு?

பச்சை பத்தொன்பது: கால் பங்கு.
மஞ்சள் இருபத்திரண்டு: இனி வராது.
நீலம் நான்கு. ஒரு சிவப்பு, தூக்கத்தில் தூக்கியது.
எது சரி என்று சொல்லவில்லை.
"பக்கத்தில் இருப்பவரை மாற்றப் பாருங்கள்" என்றேன்.
மராத்தியும் இந்தியும் குஜராத்தியும்
ஒரே நேரத்தில் சண்டைக்கு எழுந்தன.
ஜன்னலில் மழை அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

மறுபடி அட்டை. பச்சை நாற்பது, நீலம் ஐந்து.
கடைசி பெஞ்சில் ஒரே ஒரு மஞ்சள் இறங்கவில்லை.
பாவிகா. உல்லாஸ்நகரிலிருந்து வருபவள்,
வருகைப் பதிவுக்கு மட்டும் குரல் கொடுப்பவள்.

"அண்ணனுக்கு வந்துவிட்டது மேடம்.
எங்கள் வீட்டுப் பங்கு கால். அதை அவன் எடுத்துக்கொண்டான்.
அதனால்தான் நான் நன்றாக இருக்கிறேன்.
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்."

பழைய நானாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சூத்திரம்.
ஓம்கார் தாண்டேல் பையைத் துழாவி
இரண்டு நாணயம் நீட்டினான்.
இரண்டும் பூ விழுந்தால் நோய். சுண்டினாள்.
ஒன்பதாவது முறை பூ, பூ.
பத்தாவது முறையும்.
மேசையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"அப்போது இதற்கு
போன தடவை விழுந்தது தெரியாதா?"

தெரியாது என்றான் ஓம்கார். நான் சொல்லவில்லை.

அவள் விடவில்லை. நோட்டின் ஓரத்தில்
நான்கு கட்டம் போட்டாள், நோய்க் கட்டத்தை அடித்தாள்,
மிஞ்சிய மூன்றின் மேல்
பேனாவை வைத்து வைத்து எடுத்தாள்.
"அப்படியென்றால் நான் தாங்கியாக இருக்க
மூன்றில் இரண்டு."
அது அடுத்த வாரத்துக் கேள்வி.
ஸ்லைடுகூட தயாராக இருந்தது.
அதில் அவள் முகம் இல்லை.

மணி அடித்ததும் வழக்கம்போல் துண்டுச் சீட்டு:
இன்று புரியாதது எது? பெயர் வேண்டாம்.
தாணே தாண்டிப் பிரித்தேன்,
யாருடைய குடையோ முழங்கையில் சொட்ட.
"நோட்ஸ் எப்போது தருவீர்கள்" பதினொரு சீட்டு.
"மின்விசிறி" என்று மட்டும் ஒன்று.
பிறகு இது, பெயர் தேவைப்படாமல்:

கணக்கு புரிந்தது.
ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும்?
என் பங்கையும் தானே வாங்கிக்கொண்டதாக
அண்ணன் சந்தோஷமாக இருக்கிறான்.
அவனிடம் யார் சொல்வது?

முதல் கேள்விக்கு சீட்டின் பின்பக்கம்
முகவரி எழுதினேன், வண்டி ஆட்டத்தில் கோணலாக.
அடுத்ததன்மேல் பேனா நின்றது.
திவா போனது, கோபர் போனது,
கூட்டம் என்னை டோம்பிவிலியில் இறக்கிவிட்டது.