பொய் ஈ

பன்னிரண்டாம் நம்பர் முள்.
அதன் முதுகில் சேவலின் கழுத்து மயிர் நான்கு.
வயிற்றுக்கு, வெட்டி மிஞ்சிய பச்சை ஜரிகை.
தலைக்கு ஒரு முடிச்சு, பல்லால் கடித்து அறுத்தது.
இதை ஈ என்று நம்ப வேண்டியது
நானில்லை,
வெளிச்சிக் கெண்டை.

கொரடாச்சேரிக் கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கிறேன்.
ஆறு மணிக்கு மிஷினுக்கு உறை போட்டுவிட்டு
வெண்ணாற்று ரெகுலேட்டருக்குக் கீழே போய் நிற்பேன்.
நூலுக்கு வேளாங்கண்ணி மெழுகுவத்தியின் அடிக்கட்டை
தேய்த்துத் தேய்த்து
தண்ணீரின் மேல் படுக்கக் கற்றிருக்கிறது.

"மண்புழு கோத்தாப் போதாதாக்கா?"
லஸ்கர் செங்குட்டுவன் ஷட்டர் மேலிருந்து கேட்பார்.
போதும்தான்.
புழுவுக்குப் பசித்த மீன் வரும்.
இதற்கு ஏமாறத் தெரிந்த மீன் வரவேண்டும்.

ஆனியில், மேட்டூர் திறந்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ,
தண்ணீருக்கு முன்னால் அதன் வாசனை வந்தது.
பிறகு நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு,
மூக்குடைந்த பிளாஸ்டிக் குடம்,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
மணலை நக்கி நக்கி ஒரு நாக்கு.
அன்றைக்கு வீசவில்லை. பார்ப்பதோடு சரி.

பதினெட்டாம் பெருக்கில் முள்ளில் மாட்டியது
காதோலை கருகமணி.
நான் மாதாகோயில்காரி.
இருந்தாலும் கண்ணில் ஒற்றி
யாருடையதோ அதை ஆற்றிடமே விட்டேன்.

புரட்டாசியில் மழை விட்ட ஒரு மாலை
ஈசல் கிளம்பி ஆறு முழுக்க இறக்கை.
வடைச்சட்டி மாதிரிப் பொரிந்தது தண்ணீர்.
என் பொய்யைச் சீந்த ஆளில்லை,
உண்மை அவ்வளவு மலிந்து கிடந்தது.
இருட்டும் நேரம் ஒரு வெளிச்சி, போனால் போகிறதென்று, எடுத்தது.
இழுக்கும்போதே அடியிலிருந்து ஒரு கறுப்பு எழுந்து
வெளிச்சியை எடுத்தது.
விரால்.
கையில் மிஞ்சியது முழம் நூலும்
மூங்கிலின் நடுக்கமும்.

ஐப்பசியில் ஆற்றின் பக்கமே போகவில்லை.
தீபாவளி. எழுபத்திரண்டு ஜாக்கெட்.

கார்த்திகைப் புயலுக்கு எல்லா ஷட்டரும் மேலே.
காட்டாமணக்கு வேரோடு போனது, கூடவே ஒரு வைக்கோல்போர்,
அதன்மேல் ஒரு கோழி, நின்றபடி.

மார்கழி வேறு.
முறை வைத்து விடுகிற தண்ணீர், முழங்கால் ஆழம்,
கூழாங்கல் எண்ணலாம்.
பின்னால் வீசி, ஒரு மூச்சு பொறுத்து,
முன்னால் வீசினால்
பனிக்குள் நூல் தன் சுருளைத் தானே பிரித்துக்கொண்டு போகும்.
ஈ இறங்கும்.
வட்டம் ஒன்று விழும் முன்
நான் யாருக்கும் அளவெடுக்கவில்லை,
யாருக்கும் பாக்கி இல்லை.

ஜனவரி இருபத்தெட்டு. மேட்டூர் அடைப்பு.
ரெகுலேட்டரில் கசிவது மட்டும் பத்து நாள் தாங்கும்.

மாசியில் மடுக்களை வாளியால் இறைக்கிறார்கள்.
என்னையும் கூப்பிட்டார்கள்.
ஓட வழியில்லாததை ஏமாற்றி என்ன?

மீன் கடையில் அஞ்சம்மாள் விராலை அறுத்தவள்
அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தாள்.
"தொண்டைக்குள்ள சதை மூடிக் கெடந்துது.
ஒங்கட நூலாட்டம் இருக்கே?"
முள் துருவேறி, மயிர் உதிர்ந்து,
ஜரிகை மட்டும் பச்சை.
தில்லைவடிவின் நிச்சயதார்த்த ஜாக்கெட், கையோரம்.
இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது அது,
வந்து வாங்கவில்லை.

இந்த வருஷம் ஆனி பிறந்தும்
பேப்பரில் அணை அறுபது அடியில் நிற்கிறது.
செங்குட்டுவன் ஷட்டருக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார்,
தடவியதற்கே மறுபடியும்.
கை மறந்துவிடக் கூடாதென்று
வெறும் மணலில் நின்று வீசினேன்,
புது ஈ, அதே பச்சை.
விழுந்த இடத்தில் புள்ளியளவு புழுதி.
மின்கம்பியிலிருந்து ஒரு கரிச்சான்
நேராக இறங்கி
கவ்வியது.

முள்ளென்று தெரிந்ததும் துப்பிவிட்டு
கம்பியில் போய் உட்கார்ந்து
வாலை ஆட்டிக்கொண்டு
என்னையே பார்க்கிறது.